பசியின் குற்றம்

பசியைப் பற்றிய நம் ஒழுக்க வார்த்தைகள் எல்லாம் வயிறு நிறைந்தவர்கள் உண்டாக்கியவை என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகத்தை எழுப்பியது ஒரு பூனை.

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷங்கள் இருந்த பூனை. பிறகு அதன் சுபாவம் மாறிற்று. வைத்ததைத் தின்றுவிட்டு அடுக்களை வாசலில் நின்று கத்தும். மூடிய சட்டியைத் தள்ளும். தின்னத் தின்ன இளைத்தது. 'எம்புட்டுப் போட்டாலும் உடம்புல ஒட்டலையேடா' என்பாள் அம்மா; சொல்லிக்கொண்டே இன்னொரு பிடி போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அயிரைமீன் குழம்பை உருட்டியபோது விளக்குமாற்றால் அடித்தேன். அடிக்கும்போது கோபத்தோடு, நியாயத்தின் பக்கம் நிற்கிற திருப்தியும் இருந்தது. வயிறு நிறையத் தின்ற பிராணி திருடியது என்பது என் கட்சி.

பிற்பாடு ஒரு கால்நடை மருத்துவர் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்பினார். தைராய்டு மிகை. வயதான பூனைகளுக்கு வரும் இந்த வியாதி 1979இல் அமெரிக்காவில்தான் முதன்முதலாக ஒரு தனி நோயாக விவரிக்கப்பட்டது. கழுத்துச் சுரப்பி, பெரும்பாலும் புற்றல்லாத ஒரு வளர்ச்சியால் பருத்து, அளவுமீறிச் சுரக்கிறது. இதயம் விரைகிறது, தின்றது எரிந்துபோய்த் தசையும் கரைகிறது. நிறைந்த தட்டின் முன்னால் அது பட்டினி கிடந்திருக்கிறது.

நோய் என்று தெரிந்ததும் மன்னித்துவிட்டேன். சிக்கல் இந்த மன்னிப்பில்தான். ஆரோக்கியமான பசியும் சுரப்புகளின் காரியம்தானே? கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் 1994இலும், இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டன. முன்னது கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது. பின்னது வயிறு காலி என்கிறது. மிருகங்களை யந்திரம் என்று சொல்லி மனிதனுக்கு மட்டும் ஆன்மாவை ஒதுக்கிவைத்தார் டெக்கார்ட். பசி விஷயத்தில் அந்த ஒதுக்கீடு எனக்கு உதவவில்லை. நோயின் பசிக்கு மன்னிப்பு, மற்றப் பசிக்குத் தீர்ப்பு என்று கோடு போட என்னிடம் இருந்த ஆதாரம் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள். அதற்கு முந்தின நாள்வரை அதே பசி குற்றமாக இருந்தது.

மணிமேகலையின் காயசண்டிகை நினைவுக்கு வருகிறாள். பொதியில் மலைப் பக்கம் விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைச் செருக்கோடு காலால் சிதைத்தவள். சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசி கொண்டவள். குற்றம் உண்டு, தண்டனையும் உண்டு. ஆனால் புகாரில் அவளுக்கு அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி இடும் மணிமேகலை அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு இடவில்லை. சபிக்கப்பட்டவளுக்கும் ஏழைகளுக்கும் ஒரே பாத்திரம். எல்லாப் பசிக்கும் காவியம் தரும் பெயரும் ஒன்றே: பிணி. இதை எழுதிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்பார்கள். தானியம் விற்றவருக்கு, வாங்க வருகிறவனின் பசி நியாயமானதா என்று கேட்பது எவ்வளவு அபத்தம் என்பது தெரிந்திருக்கலாம்.

எனினும் காவியத்தின் ஒரு பிடிச் சோறு நமக்குக் கிடையாது. அம்மா போட்டதெல்லாம் எரிந்து போயிற்று. கருணை மட்டும் போதவில்லை. ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் முழு லட்சணமும் இருந்தது. மருத்துவர் முதலில் கேட்டதும் அதைத்தான். நான் அதைப் புலம்பல் என்று தள்ளியிருந்தேன். தீர்ப்புச் சொல்கிறவனுக்குக் காது கேட்பதில்லை. வங்கியில் மூன்றாம் முறை நகைக்கடனுக்கு வந்து நிற்கிறவரின் முகத்தை நான் பார்க்கும் பார்வையும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பார்வைதான் என்று இப்போது படுகிறது. அவர் வீட்டில் எது எரிகிறது என்று நான் கேட்டதில்லை.

மனிதர்களுக்கான கார்பிமசோல் மாத்திரையை, மருத்துவர் சொன்ன அளவில் துண்டாக்கிக் கொடுத்தோம். பசி அடங்கிற்று, கொஞ்சம் சதை பிடித்தது. எட்டு மாதம் இருந்தது. அம்மாவின் காலடியில் படுத்துக்கிடக்கும். நான் அடுக்களைக்குள் நுழைந்தால் மட்டும், கடைசிவரை, எழுந்து வெளியே போய்விடும்.