சொல்லுக்குள் ஒரு பூட்டு

பள்ளி மணி அடித்தபின் வீட்டுக்கு ஓடாமல், சதுரங்கம் ஆடவும், நாடகம் நடிக்கவும், வாதிடவும் கூடுகின்ற மாணவர் குழுவுக்கு ஆங்கிலேயன் சூட்டிய பெயர்கள் பல. கிளப் என்பான், சொசைட்டி என்பான், யூனியன் என்பான். எப்பெயரால் அழைத்தாலென்ன, கூட்டம் கூட்டந்தானே என்பாரும் உளர். நாம் அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதற்கில்லை.

கிளப் என்பதற்குத் தடி என்றும் ஒரு பொருளுண்டு. தடி எப்படிக் கூட்டமாயிற்று என்பதை மொழிநூலார் ஆராயட்டும்! நாம் காண்பது, அச்சொல் இலண்டன் சீமான்களின் மாளிகையிலே வளர்ந்த வளர்ப்பை. அங்கே ஒருவரைப் புதிதாகச் சேர்ப்பதானால், பெட்டியிலே வெள்ளை உருண்டையோ கருப்பு உருண்டையோ போட்டு வாக்களிப்பர். பல கிளப்புகளில் ஒரே ஒரு கருப்பு உருண்டை போதும், வந்தவர் வாயிலோடு திரும்ப. போட்டவர் யார்? தெரியாது. ஏன் போட்டார்? கேட்கலாகாது.

யூனியன் என்றாலோ, ஒன்றிப்பு. எத்துணை இனிய சொல்! 1823-ல் தோன்றிய ஆக்ஸ்போர்டு மாணவர் வாதமன்றம் அப்பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆயினும், அப்பல்கலைக்கழகம் 1920-லேயே பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியிருக்க, இந்த ‘ஒன்றிப்பு’ அவர்களை முழு உறுப்பினராக ஏற்றது 1963-ல்!

ஒத்த சுவையினர் கூடி, இன்னாரைச் சேர்ப்போம், இன்னாரைச் சேர்க்கமாட்டோம் என்பது உரிமையா, அநீதியா? தன் பணத்தில் எழுப்பிய மாளிகையில் சீமான் சீட்டாடட்டும். யாரோடு ஆடுவது என்பது அவன் விருப்பம். அரசுப் பள்ளியின் அறையோ பொதுப்பணம் கட்டிய அறை. அங்கே கூடும் குழு, சீமான் மாளிகையின் பெயரை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும். பூட்டையும் சேர்த்து வாங்க என்ன உரிமை?

அமெரிக்காவிலே இக்கேள்வி சட்டமன்றம் ஏறிற்று. நடுவணரசின் நிதி பெறும் உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு மாணவர் குழுவுக்கு இடந்தந்தால், சமயம், அரசியல், தத்துவம் ஆகியவற்றைக் காரணங்காட்டி வேறு குழுவை விலக்கலாகாது என்றது 1984-ஆம் ஆண்டுச் சட்டம். பைபிள் படிக்கும் மாணவருக்காகப் பக்தர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. 1990-ல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. திறந்த கதவு, தட்டியவனுக்கு மட்டுமா திறக்கும்? 1996-ல் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில், ஒருபால் விழைவுள்ள மாணவரும் அவர்தம் தோழரும் குழு அமைக்க முன்வந்தனர். பள்ளி வாரியம் என்ன செய்தது? பாடத்தொடர்பற்ற குழுக்கள் அனைத்தையும் தடை செய்தது! ஒருவர் உட்காரக் கூடாதென்று பந்தலையே பிரித்தெறிந்த கதை. யாதொரு குற்றமும் செய்யாத பிற குழுக்களும் தெருவுக்கு வந்தன. 2000-ல்தான் அந்தத் தடை நீங்கிற்று.

பைபிள் குழுவுக்கு இடந்தந்த சட்டத்தை நாம் வரவேற்பதா என்று பகுத்தறிவுத் தோழர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். வரவேற்கிறோம். கடவுள் இல்லையென வாதிடும் மாணவர் குழு, அதே பள்ளியில், அதே அறையில், மறுநாள் மாலை கூடுவதற்கும் அச்சட்டமே துணை. அந்த மாலையில், முதல்நாள் பைபிள் ஓதிய பிள்ளை வாயிலில் வந்து நின்று, “நானும் உள்ளே வரலாமா?” என்று கேட்டால், நம் தோழர்கள் எந்த நிற உருண்டையைக் கையில் எடுப்பார்கள்?