எறும்பின் ஆத்மா எவ்வளவு பெரிது?

நந்தியாவட்டைப் பூவின் குழாய்க்குள்ளிருந்து அது வெளியே வரும்போது முதலில் தெரிவது உணர்கொம்பின் நுனி. கொம்புக்குப் பன்னிரண்டு கணுக்கள். கடைசி மூன்றும் தடித்துத் திரண்டிருக்கும். பிறகு கரும்பழுப்புத் தலை. அதன்பின் மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பில் நடுவுடல், இடுப்பில் இரண்டு சிறு முடிச்சுகள், முடிவில் மறுபடியும் கரும்பழுப்பு வயிறு. நீளம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்கு ஓடுகிற தூசிதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தால்தான் இரண்டு நிறங்களும், உடலின் வழுவழுப்பும், முதுகில் முள் இல்லாததும் தெரியும். முள்ளில்லாத முதுகு, இரட்டை முடிச்சு, மூன்று கணுத் திரட்சி எல்லாம் ஒன்றுசேர்ந்தால் மோனோமோரியம் என்ற பேரினத்தை நினைக்கலாம். கூடவே இந்த இருநிறமும் இருந்தால் அது மோனோமோரியம் ஃப்ளோரிகோலா. பூவில் வாழ்வது என்று பொருள்.

இந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் மருத்துவராக இருந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதிய நூலுக்காகவே பலருக்கும் தெரிந்தவர். தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து 1851இல் மதராஸ் இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். தலச்சேரியில் பூக்களில் கண்ட இந்தச் சிற்றெறும்பும் அதில் உண்டு. அப்போது அவர் அதை ஆட்டா என்ற பேரினத்தில் சேர்த்தார். மோனோமோரியம் என்ற பேரினத்தை ஆஸ்திரிய அறிஞர் குஸ்தாவ் மாயர் வகுத்ததே 1855இல்தான். இந்த எறும்பின் ராணிக்குச் சிறகு கிடையாது. ஆனாலும் தொட்டிச் செடிகளோடும் சரக்குகளோடும் கப்பலேறி வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது. ஜெர்டன் கையில் எடுத்துப் பார்த்த அந்த எறும்புகள் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. உடல் போய்விட்டது; அவர் எழுதிய சில வரிகளைக் கொண்டுதான் இன்றும் அதை அடையாளம் காண்கிறோம்.

மைசூர் அக்ரஹாரத்தில், ராமானுஜ ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பெருமாளுக்குப் பறித்த பூக்குடலையைத் திண்ணையில் கொஞ்ச நேரம் வைத்து, எறும்பெல்லாம் இறங்கிப் போன பிறகுதான் உள்ளே எடுத்துப் போவேன். அப்படி வைத்திருந்தபோதுதான் பேத்தி கேட்டாள்: "பாட்டி, எறும்பு இத்தனூண்டுதானே? அதுக்குள்ள இருக்கற ஆத்மாவும் இத்தனூண்டுதானா?"

குழந்தைக் கேள்வி என்று தள்ள முடியாது. இந்தச் சீமையில் இரண்டு பெரிய மரபுகள் இதே கேள்விக்கு நேர் எதிரான பதில்களைச் சொல்லியிருக்கின்றன. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் சமணரின் சிரவணபெளகொளா. 10ஆம் நூற்றாண்டில் சாவுண்டராயர் நிறுத்திய கோமடேசுவரர் சிலையின் கால்களைச் சுற்றிப் புற்று வளர்ந்திருப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். சாவுண்டராயர் காலத்து ஆசாரியரான நேமிசந்திரர் எழுதிய கோம்மடசாரம் உயிர்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டும் நூல். சமணர் சொல்லும் ஆத்மா தான் இருக்கும் உடலின் அளவே ஆகும். குடத்துக்குள் வைத்த விளக்கின் ஒளி குடத்தளவு நிறைவது போல, யானைக்குள் யானையளவு, எறும்புக்குள் எறும்பளவு.

வைணவரின் மேல்கோட்டை இன்னும் அருகில். புற்றுக்குள் மறைந்திருந்த திருநாராயணனை ராமானுஜர் வெளியே எடுத்து எழுந்தருளச் செய்தார் என்பது அங்குள்ள ஐதிகம். பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் அவர் சமணர் கொள்கையை மறுக்கிறார். பெரிய உடலை விட்டுச் சின்ன உடலில் புகும்போது ஆத்மா குறைபட்டுப் போகாதா என்பது அவருடைய ஆட்சேபம். அவருடைய சித்தாந்தத்தில் ஜீவாத்மா எங்கும் அணு அளவே. பிரமனுக்குள்ளும் அணு, எறும்புக்குள்ளும் அணு. ஒன்றின் சொரூபத்துக்கும் மற்றதன் சொரூபத்துக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை, எல்லாம் ஞானமயம். வேறுபடுவது அந்த ஆத்மாவிடமிருந்து வெளியே பரவும் அறிவு. அதற்குத் தர்மபூத ஞானம் என்று பெயர். கர்மத்தால் அது சுருங்கும், கர்மம் நீங்கினால் விரியும்.

ஆகவே பேத்திக்கு நான் சொன்ன பதில்: இல்லை கண்ணா, உன்னோடதும் அதே இத்தனூண்டுதான்.

அவளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அது போதவில்லை. எல்லா ஆத்மாவும் சமம் என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸ் விஷத்தால் வாசலில் கோடு கிழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சமம் என்ற சொல் சுலபமாக வாயில் வருகிறது. எதற்குச் சமம், அது எப்படி வாழ்கிறது என்று குனிந்து பார்க்காதவரை அந்தச் சொல்லுக்கு எடை இல்லை. தர்மபூத ஞானம் இந்த உயிரில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எந்த வாசல் வழியாக வெளியே வருகிறது என்பதை உடலைப் பார்த்துத்தான் அறிய முடியும். அந்த வகையில் ஜெர்டன் எறும்பைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதியதையும் வேதாந்த விசாரத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நம் பழைய நூல்கள் இந்த வேலையைத் தொடங்கியே வைத்திருக்கின்றன. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று: தொடுதல், சுவைத்தல், முகர்தல். நண்டுக்கும் தும்பிக்கும் பார்வை சேர்ந்து நான்கு. சமணரின் தத்துவார்த்த சூத்திரமும் எறும்பை மூன்று புலன் உயிராகவே வைக்கிறது. இன்றைய வகைப்பாடு எறும்பைக் குளவி, தேனீக்களின் வரிசையிலும், கறையானைக் கரப்பான் பூச்சிகளின் வரிசையிலும் சேர்த்து வெகுதூரம் விலக்கிவிட்டது. உடலின் வம்சாவளியைக் கேட்டால் இவை இரண்டும் நெருங்கிய உறவே இல்லை. எதைக் கொண்டு உலகை அறிகின்றன என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் ஒரே பட்டியலை எதிர்பார்ப்பதுதான் சரியில்லை.

எறும்புக்குக் கண் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் தும்பியின் கண் பல ஆயிரம் கண்ணறைகளால் ஆனது. பூவெறும்பின் தலையின் பக்கவாட்டில் இருப்பது மிகச் சில கண்ணறைகள் கொண்ட ஒரு புள்ளி. அது வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துக் காட்டலாம். பூவின் வடிவத்தைக் காட்டும் என்று நான் நினைக்கவில்லை. அதன் வாழ்வு முழுக்க உணர்கொம்பில் இருக்கிறது. திண்ணையில் அவை ஒற்றை வரிசையில் போகும் தடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடத்தில் வந்து நின்று, கொம்புகளை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடும். நமக்கு ஒன்றுமே இல்லாத அந்தச் சிமெண்டுத் தரையில் அதற்கு ஒரு வழி எழுதியிருந்தது, நாம் அழித்துவிட்டோம்.

இங்கேதான் என் சம்பிரதாயத்தோடு எனக்கு ஒரு வழக்கு. கர்மத்தால் அறிவு சுருங்கி எறும்பாகப் பிறக்கிறது என்று உபந்யாசங்களில் கேட்டே வளர்ந்தேன். கேட்பவர் மனதில் அது ஏணிப்படியாகவே பதிகிறது: மேலே நாம், கீழே அது. ஆனால் சுருக்கம் ஒரே பக்கமாகவா நடந்திருக்கிறது? பார்வை வாசலில் எறும்புக்குச் சுருங்கியிருக்கிறது. முகரும் வாசலில் சுருங்கியிருப்பது எனக்கு. ஒரு துளியிலும் துளியான வாசனையை வைத்து அது போகும் வழியையும் தன் கூட்டத்தாரையும் அறிகிறது. என்னால் என் சொந்தப் பேத்தியைக் கண்மூடி வாசனையால் சொல்ல முடியாது. ராமானுஜரின் கோட்பாட்டை விட்டு நான் விலகிப் பேசவில்லை. உடல் எடுத்த எல்லோருக்கும், பிரமன் உட்பட, அறிவு சுருங்கித்தான் இருக்கிறது என்கிறது அதே சித்தாந்தம். தன் சுருக்கத்தை விட்டுவிட்டு எறும்பின் சுருக்கத்தை மட்டும் கணக்கெடுப்பது சாஸ்திரம் சொன்னதல்ல, நாம் சேர்த்துக்கொண்டது.

மனிதனுக்கு மனம் என்ற ஆறாவது அறிவு உண்டே என்று என் தம்பி வாதிடுவான். உண்டு, மோட்சத்துக்கு வழி தேடும் தகுதி அதனால்தான் வருகிறது என்பதையும் நான் ஏற்கிறேன். அந்த மனம் முதலில் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு தீரவில்லை. மற்ற உயிர் எதை அறிகிறது என்று ஊகித்துப் பார்க்கும் திறமை எறும்புக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நமக்கு அது இருக்கிறது. பேத்தியிடம் லென்ஸைக் கொடுத்து, கொம்பில் கணு எண்ணச் சொல்லியிருக்கிறேன். ஓடுகிற எறும்பில் எண்ணுவது கடினம். இதுவரை ஒன்பது வரை வந்திருக்கிறாள்.