பழைய வண்டியும் புதிய உடையவனும்

ஒரு பொருள் எப்பொழுது நமதாகிறது? பணம் கைமாறிய பொழுதா? சாவி நம் கைக்கு வந்த பொழுதா? பதிவுச் சான்றிதழில் நம் பெயர் ஏறிய பொழுதா? அன்றி, அப்பொருளால் விளையும் பாரத்தை நாம் தோளில் ஏற்றுக்கொண்ட பொழுதா? இவ்வினாவிற்கு விடை காணப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஐதராபாத், சிக்கந்தராபாத் என்னும் இரட்டை நகரங்களில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிய ஒருவனுடைய முதல் மாதத்தை ஆராய்ந்து பார்த்தாலே போதும்.

பழையதை வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. கோசாம்பி மன்னன் உதயணனுடைய அரண்மனை மகளிர் ஐந்நூறு ஆடைகளை ஆனந்த தேரருக்கு அளித்த வரலாற்றை நேயர்கள் அறிவர். இத்தனை ஆடைகளை என் செய்வீர் என்று மன்னன் வினவினான். நைந்த ஆடை உடுத்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். நைந்தவை என்னாகும்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்போ? மெத்தை உறையாகும். பின்னர் தரை விரிப்பாகி, கால் துடைக்கும் துணியாகி, தூசி தட்டும் துணியாகி, முடிவில் துண்டு துண்டாகி மண்ணோடு பிசைந்து தரையில் பூசப்படும். மன்னன் மனம் குளிர்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான். பொருளின் பயன் முடியுமுன் அதனை எறிவது வீண் செலவு. பயன் முடியுமட்டும் அதனைப் பேணுவது அறம். செல்வக் குடிகள் நெடுங்காலம் நிலைப்பதற்குப் பகவான் கூறிய நான்கு காரணங்களுள் பழுதானதைப் பழுது பார்த்தலும் ஒன்றென அங்குத்தர நிகாயம் கூறும்.

ஆயின், பேணுவது வெறும் ஆசையால் நடைபெறாது; அறிந்து செய்ய வேண்டும். பழைய வண்டியை வாங்கியவன் அதன் முன் வரலாற்றை முற்றும் அறியான். ஆதலின் எஞ்சின் எண்ணெயை முதலில் மாற்ற வேண்டும். சங்கிலியின் தளர்வையும், பிரேக்குக் கட்டையின் தேய்மானத்தையும், டயரின் வெடிப்பையும், பாட்டரியின் வலிவையும் பார்க்க வேண்டும். அவற்றினும் முக்கியமாகத் தன்னுடைய பழக்கத்தைப் பார்க்க வேண்டும். சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக்கு இடக்காலில். இக்காலத்து வண்டிகளில் இது தலைகீழ். புதியதில் பழகியவன் பழையதில் ஏறி, ஆபத்து வரும்போது வலக்காலை மிதித்தால் வண்டி நில்லாது, கியரே மாறும். குற்றம் வண்டியினுடையதன்று. முன் உடையவனுடைய கைக்கும் காலுக்கும் பழகிய பொருளிடம், புதியவன் சில காலம் மாணவனாக இருத்தல் வேண்டும். வேகத்தைக் குறைத்து, நெரிசலில்லாத வீதியில், காலை வேளையில் பழகுவானாயின் அது கோழைத்தனமாகாது. அதுவே அப்பமாதம் என்னும் விழிப்பு.

இக்கருத்தை ஆலையில் உழைத்தோர் எளிதில் அறிவர். நாம் நூற்பு ஆலையில் இருந்த காலத்தில் ஒரே இயந்திரம் ஒரு நாளில் மூன்று ஷிப்டுக்கு மூவர் கையில் இருக்கும். ஷிப்டு முடிந்து செல்பவர், எந்தக் கதிரில் இழை அடிக்கடி அறுகிறது, எந்தப் பக்கம் சூடேறுகிறது என்று வருபவரிடம் ஒரு சொல் சொல்லிச் செல்வார். அவ்வியந்திரம் இருவருக்கும் சொந்தமன்று, முதலாளிக்கே சொந்தம். எனினும் அந்த ஒரு சொல்லால் அடுத்தவருடைய விரல் காப்பாற்றப்பட்டது. சொந்தமில்லாத பொருளுக்கே இத்தகைய நேர்மை வேண்டுமெனில், சொந்தப் பொருளை விற்பவனுக்கு எத்துணை நேர்மை வேண்டும்!

இங்கே விற்பவனுடைய அறம் தோன்றுகிறது. புகை விடும் எஞ்சினில் கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சில நாள் புகையை மறைப்போர் உண்டு. ஓடிய தூரத்தைக் காட்டும் மானியைப் பின்னுக்குத் திருப்புவோர் உண்டு. யாம் பொய் ஏதும் சொல்லவில்லையே என்பர். நாவு சொல்லவில்லை, மெய்தான், எண் சொல்லுகிறது. பொய்யாமை என்னும் சீலம் நாவோடு முடிவதாயின் ஊமைகள் யாவரும் சத்தியவான்களே! பிறர் மனத்தில் பொய்யைப் புகுத்தும் எச்செயலும் பொய்யே. அப்பொய்யை நம்பி ஏறியவன் உயிருக்குத் தீங்கு வருமாயின், பொய்யாமையோடு கொல்லாமையும் பழுதாகும்.

இனி வாங்கியவனுடைய அறம். பணமும் கொடுத்தான், வண்டியும் வந்தது. பெயர் மாற்றத்தை மட்டும் ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளுகிறான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்றவன் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவன் 30 நாட்களுக்குள்ளும் கைமாற்றத்தைப் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்றவும் வாங்கியவன் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பர். ஐதராபாத் வீதிகளில் காமிரா படமெடுக்கிறது. அபராதச் சீட்டு ஏட்டில் உள்ள பழைய பெயருக்குச் செல்கிறது. அதுவாவது சிறு தொகை. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றை நோக்குக. ஒருவர் தம் வண்டியை 2007இல் விற்றுவிட்டதாகக் கூறினார். அது மேலும் பலர் கை மாறி, 2009இல் விபத்துக்குள்ளாயிற்று. பதிவேட்டில் பெயர் இருந்தவரே சட்டப்படி உடையவர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் முடிவு கூறியது. பாதிக்கப்பட்ட ஏழை, வண்டி யார் யார் கைக்குச் சென்றதென்று தேடி அலைய முடியுமா? ஆகவே, பெயர் மாற்றாமல் ஓட்டுபவன் வண்டியை விலைக்கு வாங்கினான். மற்றொருவனுடைய பெயரையோ இலவசமாக எடுத்து ஓட்டுகிறான். கொடுக்கப்படாததை எடாமை என்னும் சீலத்தின் முன் இதனை வைத்துப் பார்க்க.

இவ்விடத்தில் நுண்ணறிவுடையார் ஒரு தடை எழுப்புவர். “யாவும் அநித்தியம், ‘எனது’ என்பதே மயக்கம் என்பது பகவான் போதனையன்றோ? நாகசேனர் மிலிந்த மன்னனிடம், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று வினவித் தேர் என்பது பெயர் மாத்திரமே என்று காட்டவில்லையா? வண்டியும் பெயர்; உடையவனும் பெயர். பெயருக்கு ஏன் இத்துணைக் கவலை?” என்பர்.

இது அரைகுறையாய்க் கேட்ட தம்மம். அதே நாகசேனர் மாங்கனித் திருடனைப் பற்றியும் கூறினார். ‘உடையவர் நட்ட மாங்கனி வேறு, யான் பறித்த மாங்கனி வேறு, ஆதலின் யான் குற்றவாளி அல்லேன்’ என்று திருடன் வாதிட்டால் மன்னன் விடுவானா? விடான். பின்னது முன்னதிலிருந்தே தோன்றியது. அவ்வாறே ஐதராபாத்தில் ஏபி என்ற எழுத்தோடு பதிவான வண்டிகள் இன்றும் உள்ளன. 2014இல் தெலங்கானா பிறந்த பின் டிஎஸ் வந்தது. 2024இல் டிஜி வந்தது. எழுத்து மாறிற்று, டயரும் சங்கிலியும் எத்தனையோ முறை மாறின. அதனால் பொறுப்பு மறைந்ததா? இல்லை. அது கையிலிருந்து கைக்குத் தொடர்ந்தே வருகிறது. ‘எனது’ என்பதை விடுக என்றால் பற்றினை விடுக என்பதே பொருள். கடமையை விடுக என்பதன்று. பயனைத் தான் வைத்துக்கொண்டு பாரத்தை மட்டும் ‘எனதன்று’ என்று துறப்பது துறவாகாது; தந்திரமே யாகும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இது: பணத்தால் வண்டி கைக்கு வரும், பொறுப்பால்தான் நமதாகும். விற்பவர் குறையைச் சொல்லி விற்க. வாங்குபவர் எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிட்டு வாங்குக. பெயரை உடனே மாற்றுக. பழகும் வரை மெல்லச் செலுத்துக. நாளை அதனை மற்றொருவர் கையில் கொடுக்கும் நாள் வரும். அன்று, ‘இந்தக் கதிரில் இழை அறும்’ என்று சொல்லிச் சென்ற தொழிலாளியைப் போல் உண்மை சொல்லிக் கொடுக்க. சில காலம் நம் கையில் தங்கிய பொருளுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.