இறந்தவன் பெயரில் கட்டுவது

பார்ஸிலோனாவின் ஸாக்ரதா ஃபமீலியா 2025 அக்டோபரில், 161.5 மீட்டர் உயரமுள்ள ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தைத் தாண்டி, உலகின் மிக உயரமான தேவாலயமாயிற்று. 1882இல் அடிக்கல் நாட்டப்பட்டு, மறு ஆண்டே அந்தோனி கௌதியின் பொறுப்பில் வந்த கட்டிடம் அது. 1926இல் டிராம் மோதி கௌதி இறந்தபோது ஒரேயொரு மணிக்கோபுரம்தான் முழுமையாக முடிந்திருந்தது. இன்று நிற்பதில் பெரும்பகுதியை எழுப்பியவர்கள் அவரைக் கண்ணால் பார்த்திராதவர்கள். கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களுக்குத் துணை கம்ப்யூட்டர். ஆனாலும் கட்டிடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கௌதி ஒன்றே. இது சரியா என்பதே என் கேள்வி.

யந்திரம் என்றதும் நம்மில் பலருக்கு ஆன்மா ஞாபகம் வந்துவிடுகிறது. கை படைக்கும், யந்திரம் பெருக்கும். கைக்கு உயிருண்டு, யந்திரத்துக்கு இல்லை. இந்தக் கட்சிக்குக் கௌதியைச் சாட்சியாக அழைக்க முடியாது. பார்ஸிலோனாவுக்கு அருகே, கொலோனியா குவெல் என்ற ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் தேவாலயத்துக்காக அவர் செய்த மாதிரியை எடுத்துக்கொள்வோம். நூல்களைத் தொங்கவிட்டு, அந்தந்த இடம் தாங்கவேண்டிய பளுவுக்கு விகிதமாக, ஈயக்குண்டுகள் நிரப்பிய சிறு பைகளை அவற்றில் கட்டினார். பளு ஏறிய நூல் தானே ஒரு வளைவை எடுத்துக்கொள்கிறது. அதில் இருப்பது இழுவிசை மட்டுமே. அதே வளைவைத் தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால் அமுக்கம் மட்டுமே இருக்கும். கல் தாங்குவது அமுக்கத்தைத்தான். ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்த உண்மை இது. ஒரு பையின் எடையை மாற்றினால் மாதிரி முழுவதும் அசைந்து புது நிலை கொள்ளும். கௌதி அதைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் கட்டிடத்தை வரைந்தார். இந்தச் சோதனைக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. 1908இல் தொடங்கிய கட்டிட வேலை 1914இல் நின்றுபோய், கீழ்த்தளம் மட்டுமே மிஞ்சியது. அந்த ஈயப் பைகள் கணக்குப் போடும் யந்திரம் அல்லாமல் வேறென்ன? மின்சாரத்தின் வேலையைப் புவியீர்ப்பு செய்தது, அவ்வளவுதான். ஆக, கைக்கும் யந்திரத்துக்குமான சண்டை இங்கே பொருந்தாது.

ஸாக்ரதா ஃபமீலியாவின் உள்மண்டபத்துக்குக் கௌதி வேறொரு வழி கண்டார். நேர்கோடுகளை நகர்த்தியே உண்டாக்கக்கூடிய வளைபரப்புகளைத் தேர்ந்துகொண்டார். பார்வைக்கு இலைபோல, எலும்புபோல வளைந்தாலும், ஒரு கொத்தன் கயிற்றைப் பிடித்து அளந்து கட்டிவிடக்கூடியவை அவை. கட்டிடம் முடியுமுன் தான் போய்விடுவோம் என்று அறிந்தவர், தனக்குப் பிறகும் வேலை செய்யக்கூடிய ஒரு விதியைச் சுண்ணச்சாந்து மாதிரிகளில் விட்டுச் சென்றார். 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பட்டறைக்குத் தீ வைக்கப்பட்டது. வரைபடங்கள் எரிந்தன, மாதிரிகள் சிதறின. பிறகு பல ஆண்டுகள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்தார்கள். 1979இல் அங்கு வந்த நியூஸிலாந்துக்காரர் மார்க் பரி, 1990களின் தொடக்கத்தில், விமான வடிவமைப்பில் பயன்பட்டுவந்த வகை மென்பொருளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தார். இரண்டு வளைபரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோடு, உடைந்த துண்டில் எஞ்சிய கோட்டோடு பொருந்தும்வரை அளவுகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது கம்ப்யூட்டரின் வேலை. மண்டபத்துக்குக் கூரை வந்தது. 2010 நவம்பரில் போப் அதைப் புனிதப்படுத்தினார்.

இதுவரை எனக்கு மறுப்பில்லை. யாப்பு தெரிந்தவன் சிதைந்த வரியில் விடுபட்ட சீரை ஊகிப்பது போன்றது இது. ஆனால் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் ஊகத்தோடு இன்னொன்றும் செய்தார்கள்: ஏடு செல்லரித்த இடத்தில் புள்ளி வைத்தார்கள். இங்கே இல்லை, எனக்குத் தெரியாது, நான் இட்டு நிரப்ப மாட்டேன் என்பதற்கான அடையாளம் அந்தப் புள்ளிகள். கட்டிடத்தில் புள்ளி வைக்க முடியாது. வைத்தால் கூரை விழும். எதையாவது இட்டு நிரப்பியே ஆகவேண்டும். அதனாலேயே இது கணிதத்தைத் தாண்டி அறம் பற்றிய பிரச்னையாகிறது. நிரப்பியது யார் என்று சொல்லவேண்டுமா, வேண்டாமா?

நான் வேலை பார்க்கும் வங்கியில் செக்கிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் வேலைகளில் ஒன்று. உயிரோடிருப்பவன் இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. மயிரிழை பிசகாமல் பொருந்தும் கையெழுத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது மேலே வைத்து வரைந்ததாக இருக்கும். கௌதியும் உயிரோடிருந்தவரை முடிவுகளை மாற்றிக்கொண்டே இருந்தவர். தன் விதிக்கே பிசகும் உரிமை அவருக்கு இருந்தது. கம்ப்யூட்டருக்கு அந்த உரிமை இல்லை. அதை இயக்குபவரும் கேட்டுப் பெறுவதில்லை. விதி கௌதியுடையதுதான். ஆனால் எந்தத் துண்டை நம்புவது, எங்கே நிறுத்துவது, எந்தக் கல், எந்த நிறம் என்ற நூறு முடிவுகளும் வாழ்கிறவர்களுடையவை. திரையில் வந்து நிற்கும்போது அவை கண்டுபிடிக்கப்பட்ட விடைகள்போலத் தோன்றுகின்றன. தேர்வு, முடிவு என்ற முகத்தை இழந்து, விளைவு என்ற முகத்தைப் பெற்றுவிடுகிறது. புதிய தொழில்நுட்பத்தில் எனக்குள்ள அச்சம் இதுவே: அது வாழ்கிறவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் தருகிறது.

இதே கட்டிடத்தில் ஒளிய மறுத்தவர் ஒருவரும் உண்டு. கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் முகப்புக்குச் சிற்பம் செய்ய 1986இல் ஜோஸெப் மரியா சுபிராக்ஸ் அழைக்கப்பட்டார். கௌதியின் குழைவு எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கோணங்கள், வெட்டுகள், கண் தெரியாத முகங்கள். பலத்த எதிர்ப்பு எழுந்தது. எனக்கும் அந்தச் சிற்பங்களில் பல வறண்டவையாகவே படுகின்றன. ஆனால் அவை சுபிராக்ஸின் தோல்விகள். கௌதியின் தலையில் அவற்றைக் கட்ட முடியாது. பிடிக்காத கலைஞனிடமும் ஒரு நேர்மையைக் காணமுடிகிறது.

பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, கட்டிடம் அழகாயிருந்தால் போதாதா என்று கேட்கலாம். எதிர்த்தெருவில் குடியிருப்பவர்களுக்கு அது போதவில்லை. தேவாலயத்தின் பிரதான முகப்புக்கு முன்னால் பெரிய படிக்கட்டும் திறந்தவெளியும் அமைய வேண்டுமானால், மயோர்கா தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள வீடுகள் இடிபட வேண்டும். கட்டுகிறவர்கள் அது கௌதியின் திட்டம் என்கிறார்கள். குடியிருப்பவர்கள் மறுத்துப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். 'நாங்கள் இதை விரும்புகிறோம்' என்று உயிரோடிருப்பவன் சொன்னால் எதிரே நின்று வாதாடலாம். 'அவர் விரும்பினார்' என்றால் யாரோடு வாதாடுவது?

மத்தியகாலத் தேவாலயங்கள் பலவற்றில் யாரும் பெயர் பொறிக்கவில்லையே என்ற மறுப்பு உண்டு. உண்மைதான். ஆனால் சார்த்ர் தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களையும் பார்க்கவேண்டும். ஒன்று 12ஆம் நூற்றாண்டினது. மற்றதன் உச்சி இடிவிழுந்து எரிந்தபின் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அக்காலத்தின் சொந்த பாணியில், பூவேலைகளோடு எழுப்பப்பட்டது. ஜோடியாக நிற்பவை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அந்த ஒத்துப்போகாமையே கையெழுத்து. பழங்கட்டிடங்களைப் புதுப்பிப்பது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும், இழந்ததற்கு ஈடாகச் சேர்ப்பது முழுமையோடு இசையவேண்டும், அதே சமயம் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்கவேண்டும் என்றே கேட்கிறது. அடுத்த ஆண்டு லெ கொர்பூசியே உள்ளிட்ட பலர், ஸாக்ரதா ஃபமீலியாவைத் தொடரவே கூடாது என்று பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முற்றுப்பெறாததை முடிக்க ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிமை உண்டு. தான் முடித்ததைத் தன்னுடையது என்று ஏற்கும் கடமையும் அதோடு சேர்ந்தது.

இதை ஒரு எழுத்தாளர் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. இறந்த எழுத்தாளனின் நடையில் பக்கம் பக்கமாக எழுதித் தரும் யந்திரங்கள் இன்று வந்துவிட்டன. நின்றுபோன நாவலை முடித்துத் தருகிறேன் என்று நாளை ஒருவர் நம்மிடமும் வரலாம். நடை பொருந்துகிறதா என்று பார்ப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். நடை பொருந்தவே செய்யும். கேட்கவேண்டியது வேறு: ஏடு எந்த வரியோடு முறிந்தது, அதற்குமேல் உள்ளதற்கு யார் பொறுப்பு?