பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். ஒரு சிறிய ஏ.டி.ஆர். விமானம் இதை ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. ஆனால் 2019 நவம்பரில் இந்த விமானச் சேவை தொடங்கும்வரை, இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்து பத்தாண்டுகள் கழிந்தும்கூட, சென்னைக்குப் பறக்க நினைத்த யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே போக வேண்டியிருந்தது. ஏ9 வீதி வழியே ஏறக்குறைய 400 கிலோமீட்டர், இரவு முழுக்கப் பேருந்தில். பிறகு கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, விட்டுவந்த ஊரின் அட்சரேகையையும் தாண்டி வடக்கே 650 கிலோமீட்டர். இத்தனைக்கும் கடல் அகலவில்லை, கரை நகரவில்லை. அப்படியானால் தொலைவு எதைச் சார்ந்தது?

பழைய இந்தியத் தத்துவ மரபினரான வைசேடிகர் திசையைத் தனியொரு திரவியமாகவும், சேய்மை, அண்மை இரண்டையும் பொருள்களில் தோன்றும் குணங்களாகவும் வைத்தார்கள். சாமுவேல் கிளார்க்குடன் 1715-16இல் நடத்திய கடித விவாதத்தில் தத்துவவாதி லைப்னிஸ், இடம் என்று தனியாக எதுவும் கிடையாது, பொருள்கள் ஒருங்கே இருக்கும் ஒழுங்குக்கே அந்தப் பெயர் என்றார். எனக்கு லைப்னிஸ் சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனால் அந்த ஒழுங்கில் ஓடுபாதை, அனுமதி, விசா, அரசுகளின் விருப்பு வெறுப்பு எல்லாமே சேர்த்தி. ஆகவே நாம் அனுபவிக்கும் தொலைவில் ஒரு பங்கு இயற்கை தந்தது, மறு பங்கு மனிதர் செய்தது. கடலிடம் யாரும் நியாயம் கேட்க முடியாது. மனிதர் செய்த பங்குக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தூரத்தையும் பயண நேரத்தையும் போட்டுக் குழப்புவதாக ஒருவர் மறுக்கலாம்: 355 அன்றும் 355தானே? உண்மைதான். ஆனால் சென்னைப் பயணத்துக்கு மூடிக் கிடந்த ஓடுபாதை யாருடைய மனத்தோற்றமும் அல்ல. மலைச்சரிவைப் போலவே எல்லோரையும் ஒன்றாகத் தடுத்தது அது. தொழில்நுட்பம் வளர்ந்தால் தூரம் தானாகச் சுருங்கும் என்பது இன்னொரு மறுப்பு. வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் சேவை, ரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. அந்த டி.சி-3 விமானக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருந்த சென்னை, ஜெட் விமானங்கள் மலிந்த 2018இல் எட்டத்தில் இருந்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது: விமானம் தரும் அண்மை யாருக்கு? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தபோது வலிகாமம் வடக்கின் ஊர்கள் காலியாயின. 1990இல் வெளியேறிய குடும்பங்கள் பல, சில கிலோமீட்டர் தள்ளி முகாம்களில் பல ஆண்டுகள் இருந்தும் தம் வீட்டுக் கிணற்றடிக்குப் போக முடியவில்லை. நான் சொல்லும் வாதம் சென்னை விமானத்துக்குப் பொருந்துமானால் அந்தக் கிணற்றடிக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும், ஏனென்றால் அங்கே குறுக்கே கடல்கூட இல்லை. முழுத் தொலைவும் மனிதர் செய்தது. காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டிருக்கிறது, எல்லாம் அல்ல. ஓடுபாதையை நீட்டுவது பற்றிப் பேசுகிறவர்கள், மீதிக் காணிகளை உரியவர்களிடம் கொடுப்பது பற்றி முதலில் பேசட்டும்.