பலர் சுட்டுவதும் வினாவிற்கு உரியதும்: சாமவை கல்வெட்டை முன்வைத்து

திருமலைக் கோயிலில் போக சீனிவாசர் எனப்படும் வெள்ளித் திருமேனியை எழுந்தருளச் செய்தவர் சாமவை என்னும் காடவன் பெருந்தேவி. அவரது கொடையைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு ஆட்சியாண்டு பதினான்கு என்று மட்டுமே குறிக்கிறது. சக ஆண்டோ கலியாண்டோ அதில் இல்லை. அதிற் குறிக்கப்பெறும் மன்னனை முதலாம் மகேந்திரவர்மனாகக் கொள்வோர் கி.பி. 614 என்பர். பத்தாம் நூற்றாண்டினனாகக் கொள்வோர் கி.பி. 966 என்பர். இடைவெளி 352 ஆண்டுகள். இணையத்தில் இரண்டு ஆண்டுகளும் உலவுகின்றன, பெரும்பாலும் காரணம் ஏதும் கூறப்பெறாமலே. சாமவை கொடையளித்த காலம் யாது எனத் தேடுபொறியிடம் வினவும் மாணவர்க்கு முதலில் தோன்ற வேண்டுவது பலர் சுட்டும் பக்கமா, கல்வெட்டு வாசகத்தையும் கருத்து வேறுபாட்டையும் எடுத்துரைக்கும் பக்கமா? தொழில்நுட்ப வினாப் போலத் தோன்றினும் இஃது அறம் சார்ந்த வினாவேயாகும்.

பக்கங்களை வரிசைப்படுத்துங்கால் தேடுபொறி இருவகைச் சான்றுகளை நாடுகிறது. ஒன்று பக்கத்தின் அகத்தே உள்ளது. வினவிய சொல் அப்பக்கத்தில் எங்கே, எத்துணை முறை பயில்கிறது என்பது அது. எங்கும் காணப்படும் சொல்லினும் அரிய சொல்லுக்கு மிகுந்த எடை தரவேண்டும் என்னும் கருத்தைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்தார். மற்றது புறத்தே உள்ளது. 1998இல் செர்ஜி பிரின், லாரன்ஸ் பேஜ் இருவரும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, இணைப்புகளைப் பற்றி மனம்போனபடி செல்லும் ஒரு வழிப்போக்கனைக் கற்பனை செய்கிறது. அவன் நூற்றுக்கு 85 பங்கு, நின்ற பக்கத்திலுள்ள இணைப்பொன்றின் வழியே செல்வான். எஞ்சிய 15 பங்கு எங்கேனும் தாவிவிடுவான். நெடுங்காலம் இவ்வாறு திரிந்தால் எப்பக்கத்தில் அவன் மிகுதியாகக் காணப்படுகிறானோ அப்பக்கம் உயர்ந்தது.

அவன் கையில் வினா இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு பக்கத்தின் இத்தகுதி யார் எதை வினவினும் மாறாதது. வினாவிற்கேற்ற பொருத்தம் பின்னர் வந்து சேர்வது. வினாவையொட்டித் திரட்டிய பக்கங்களுக்குள்ளேயே சான்றாண்மையைக் கணிக்க முயன்ற ஜான் கிளைன்பெர்க்கின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரை இக்குறையை நேராக எதிர்கொண்டது. இன்றைய தேடுபொறிகள் வேறு பல அளவைகளையும் சேர்த்தே எடையிடுகின்றன. எனினும் இணைப்பு இன்னும் ஓர் அளவையாகவே நிற்கிறது.

தமிழ் மரபிற்கு இம்முறை புதிதன்று. வழக்கு உயர்ந்தோரிடத்தது என்பது தொல்காப்பிய மரபியலின் கொள்கை. பேஜ்ரேங்கும் வெறுந்தலை எண்ணிக்கை அன்று. உயர்ந்த பக்கம் சுட்டினால் எடை மிகுதி. ஆயின் உயர்ந்தோர் யாவர்? உயர்ந்தோரால் சுட்டப்பெறுவோர். கணிதம் இச்சுழலைத் திரும்பத் திரும்பக் கணித்து ஒரு நிலைக்குக் கொணர்ந்துவிடும். அறத்தில் இச்சுழல் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

பலர் சுட்டுவதைப் பழிப்பதும் முறையன்று. அகச்சான்றையே பெரிதும் நம்பிய 1990களில், ஒரே சொல்லை நூறு முறை அடுக்கிய பக்கங்கள் முன்வரிசையைப் பிடித்தன. இணைப்பு அதற்கு மருந்தாக வந்தது. மருந்தும் பின்னர்க் கெட்டது. 2003 முதல் பலர் கூடி 'படுதோல்வி' எனும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பக்கத்தோடு இணைத்தமையால் அத்தொடரைத் தேடினோர்க்கு அப்பக்கமே முதலில் தோன்றிற்று. 2007இல்தான் கூகுள் அதனைச் சீர்செய்தது. மேலும், 'திருப்பதி' எனத் தேடுவோருட் பெரும்பாலார் அடியார்கள். தரிசன நேரமும் தங்குமிடமுமே அவர்க்கு வேண்டுவன. அவர்க்குப் பலர் சுட்டுவதும் வினாவிற்கு உரியதும் ஒன்றே.

இடர் சிறுபான்மை வினாக்களில் எழுகிறது. தமிழில் அது மிகுகிறது என்பது என் கருத்து. வேங்கடம், வேங்கடத்து, வடவேங்கடம், திருவேங்கடம் என ஒரு பெயரே உருமாறும் மொழியில் சொல்லொப்புமை தடுமாறும். டாம், டாப், திஸ்கி முதலிய பழைய குறியாக்கங்களில் ஏறிய பக்கங்கள், தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பின்னும் மாற்றப்பெறாதிருப்பின், பொறிக்கு வெறும் குறிக்குவியலே. பொருத்தத்தை அளக்கும் கோல் தளருமிடத்தில் புகழை அளக்கும் கோலே தீர்ப்பு வழங்கும். அண்மைக்காலமாகத் தேடுபொறிகள் பக்கங்களுக்கு மேலே தாமே விடையொன்றைத் தொகுத்துத் தருவதால், இரு கருத்தில் ஒன்று மறையும் வாய்ப்பும் கூடியுள்ளது.

பழி முழுவதும் பொறிக்குரியதன்று. இணைப்பு என்பது ஒருவர் தரும் சான்று. ஆய்வேட்டின் அடிக்குறிப்பும் அவ்வாறே. சாது சுப்பிரமணிய சாஸ்திரி பதிப்பித்து 1930களில் வெளிவரத் தொடங்கிய தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகளைச் சுட்டாமல், எங்கோ கண்ட ஆண்டினை எழுதிச் செல்லும் நாமும் அவ்வழிப்போக்கனே. நண்பர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டி உயர்த்திக்கொள்வதற்கும், தரம் உயர்த்த விலைக்கு வாங்கும் இணைப்புகளுக்கும் வேறுபாடு சிறிதே. ஒன்றாயிருந்த சித்தூர் மாவட்டத்தில் 1954இல் திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் தோன்றின. திருப்பதி 2022இல் தனி மாவட்டமாயிற்று. இந்நிலத்தின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிக் கருத்தரங்கத் தொகுப்புகளில் வெளிவரும் கட்டுரைகளை நாம் சுட்டாவிடில் வேறு எவர் சுட்டுவர்? சாமவையின் கொடைக்கு 614 என்றோ 966 என்றோ எழுதுமுன், ஆட்சியாண்டு பதினான்கு என்று எழுதலாம். கல்லில் உள்ளது அவ்வளவே.