கத்திக்கு வைத்தியம்

ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பெயரெடுத்திருந்த காலம். பேட்டைக்கொரு கும்பல், அடுத்த பேட்டையில் கால்வைக்கவே பையன்கள் அஞ்சினார்கள்.

கைதுகள் மட்டும் போதவில்லை.

2005இல் அங்கிருந்த காவல்துறை, வன்முறையையும் தொற்றுநோய்போல் அணுக ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. 2008இல் கும்பல் இளைஞர்களை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள், தண்டிப்பதற்காக அல்ல. கத்திக்குத்துக் காயங்களைத் தைத்துத் தைத்துச் சலித்த மருத்துவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அவர்களிடம் நேருக்கு நேர் பேசினார்கள். திருந்த முன்வந்தவர்களுக்குப் படிப்பும் வேலைப் பயிற்சியும் கிடைத்தன. மறுபுறம், பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையும் கூட்டப்பட்டது.

அந்தப் பிரிவு தொடங்கிய பத்தே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. பின்னர் லண்டன் மாநகரும் இதே பாணியில் தனக்கொரு பிரிவை அமைத்துக்கொண்டது.